பசியில் திணறிய டேப்

அத்தியாயம் 9

"திருடன் மாடியில இருக்கான். போய்ப் பாத்துட்டு வாங்க. அதுக்குள்ள நான் போலீசுக்குப் புகார் எழுதி முடிச்சிடறேன்."

அந்தக் கம்பெனியின் முதலாளி, எல்லோருக்கும் அக்கா, இதைச் சொன்னபோது அவர் கையில் ஒரு கால் இருந்தது.

பதற வேண்டாம். செயற்கைக் கால்தான். அந்தக் கட்டடத்தில் கால் வைக்க இடமில்லாமல் கால்கள். மேஜை மேல், அலமாரிக்குள், ஜன்னல் ஓரத்தில் எல்லாம் அவைதான். ஆட்களின் தொடையிலிருந்து எடுத்த மாவுக்கட்டு அச்சுகள் சுவரோரம் வரிசையாக நின்றன. உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் என் கறுப்புச் செருப்பு வெள்ளையாகிவிட்டது.

"திருடன் யாருன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களே, அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு 'வாயை மூடு' என்று அர்த்தம். மூடினேன். எனக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் தொழிலில் எல்லோரும் கூப்பிடுவது வாயாடி என்றுதான். சாருக்கு ரேடியோ என்று பெயர். துப்பறிய வருமுன் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். பெயர்தான் ரேடியோ, பேசுவது அபூர்வம். எங்கள் கம்பெனியில் கேட்கிற வேலை அவருக்கு, பேசுகிற வேலை எனக்கு.

விஷயம் இதுதான். தொடை வரை காலை இழந்தவர்கள் படி இறங்கும்போது சட்டென்று மடங்கி விழாதபடி ஒரு முட்டியை அக்கா பல வருஷமாக வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து வந்தார். வரைபடங்கள் எல்லாம் மாடியில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. முந்தாநாள் வேறொரு கம்பெனியின் விளம்பரத் தாள் தபாலில் வந்தது. அதில் அதே முட்டி, வேறு பெயரில், பளபளவென்று சிரித்தது.

"நான் பெத்த பிள்ளைக்கு எவனோ இனிஷியல் போட்ட மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

"மாடியில இருக்கறவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் ரேடியோ.

"மத்தியானம் மணி அடிச்சா எல்லாரும் கம்ப்யூட்டரை அணைச்சுட்டு ஒரே மேஜையில உக்காந்து சாப்பிடணும். இது நான் வெச்ச சட்டம். அந்த நேரத்துல எல்லா வரைபடத்தையும் டேப்ல நகல் எடுக்கும் அவன் மிஷின். நாளைக்கு இந்தக் கட்டடமே தீப்பிடிச்சாலும் அந்த டேப் ஒண்ணு இருந்தா நான் பிழைச்சுக்குவேன். முன்னெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள முடிஞ்சிடும். இப்ப மூணு மாசமா சாயங்காலம் வரைக்கும் இழுக்குது. டேப் ஸ்லோ, டேப் ஸ்லோன்னு ஒரே பாட்டு. அது வரைக்கும் யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, அவன் மட்டும் அந்த ரூம்ல தனியா. அங்க என்ன பண்றான்?"

"டேப் நிஜமாவே ஸ்லோவா இருக்கலாம்."

"லீவு நாள்ல நானே வந்து பக்கத்துல நின்னு பாத்தேன். குதிரை மாதிரி ஓடுச்சு. வேலை நாள்ல நொண்டறது, நான் வந்து நின்னா ஓடறதுன்னா அதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க?"

எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

கையிலிருந்த காலை அக்கா மடக்கி நீட்டினார். முட்டியில் 'டக்' என்று பூட்டு விழுந்தது.

"இது பழைய முட்டி. என் தம்பி கால்ல இருக்கறதும் இதேதான். பத்தொன்பது வயசுல பைக்ல போய் விழுந்தான். அவனுக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். இந்த டக்கை வெச்சே அவன் எந்தப் படியில இருக்கான், கோவமா இருக்கானா, களைச்சிருக்கானா, எல்லாம் சொல்லிடுவேன். புது முட்டியில சத்தமே கிடையாது. அதுல மாதிரிக்கு ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சிருக்கேன், அதோ அந்தக் கண்ணாடி அலமாரியில பூட்டி வெச்சிருக்கேன். அடுத்த வாரம் கண்காட்சி மேடையில முதல்ல அவனுக்குத்தான் மாட்டணும்னு இருந்தேன். இப்ப எவனோ முந்திக்கிட்டான்."

சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்தது. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கூட இருந்தவனே குழி பறித்தான் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் எப்படித்தான் சோறு தின்பார்?

"புகாரை எழுதுங்க. ஆனா நான் இறங்கி வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க" என்றார் ரேடியோ.

"சாப்பாடு முடியற வரைக்கும்தான் டைம்" என்றார் அக்கா.

*

இரண்டாம் மாடியில் கம்ப்யூட்டர் அறை குளுகுளுவென்று இருந்தது. அங்கே ஒரு மனிதர் தன் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டில், குடை, மேஜையில் வைத்திருந்த மகளின் போட்டோ, எல்லாம் அந்தப் பைக்குள் போயிருந்தன. இவர்தான் கம்ப்யூட்டர் அண்ணன். அக்காவின் முதல் ஊழியர்.

"கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க? ரெடியா இருக்கேன்" என்றார்.

"நாங்க போலீஸ் இல்லண்ணே. போலீசா இருந்தா எனக்கு ஒரு ஜீப்பாவது கொடுத்திருப்பாங்களே, பஸ்ல நின்னுக்கிட்டா வந்திருப்பேன்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இந்த ரூமுக்கு பெயின்ட் அடிச்சதே நானும் அக்காவும்தான். ஆள் வெக்கக் காசில்ல அப்ப. நேத்து எல்லார் முன்னாடியும் 'பையைத் திற'ன்னு சொன்னாங்க. திறந்தேன். உள்ள என்ன இருந்துச்சு? டிபன் பாக்ஸ்."

ரேடியோ அவருக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டேப்புக்கு என்ன வைத்தியம் எல்லாம் பண்ணீங்க?"

வேலையைப் பற்றிக் கேட்டதும் அந்த மனிதருக்கு உயிர் வந்தது. டேப் பழசோ என்று புதுசு மாற்றினாராம். டேப்பை ஓட்டும் டிரைவின் தலையில் அழுக்கோ என்று சுத்தம் செய்யும் கேசட்டைப் போட்டு ஓட்டினாராம். கேபிளை மாற்றினார். கடைசியில் டிரைவையே கழற்றிவிட்டு, வாரண்டியில் வேறு டிரைவ் வாங்கிப் போட்டார். அதுவும் இரண்டாம் நாளே நொண்டியது.

"ரெண்டு டிரைவுக்கும் ஒரே நோய்" என்றார் ரேடியோ.

"லீவு நாள்ல மட்டும் நல்லா ஓடுது. நான் சொன்னா யார் நம்புவாங்க? எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு சார்."

அப்போது கீழே மணி அடித்தது. நாற்காலிகள் நகர்ந்தன. கம்ப்யூட்டர் அண்ணன் பழக்கதோஷத்தில் எழுந்து, பையை ஓரமாக வைத்துவிட்டு, டேப்பை டிரைவில் தள்ளிப் பொத்தானை அழுத்தினார். தன்னைத் திருடன் என்ற வீட்டின் சொத்தையே அந்தக் கை பத்திரப்படுத்தியது.

டிரைவ் ஓட ஆரம்பித்தது. முதலில் நீளமாக ஒரு 'ம்ம்ம்'. சற்று நேரத்தில் 'டக்' என்று நின்றது. 'சர்ர்' என்று பின்னால் வந்தது. மறுபடி ஒரு சின்ன 'ம்ம்'. மறுபடி நின்றது. பின்னால் வந்தது.

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டார். நான் மூச்சுகூட மெதுவாக விட்டேன். அவர் கேட்கும்போது பேசினால் அன்றைக்கு எனக்கு டீ கிடையாது.

"சாப்பாட்டு நேரத்துல இங்க என்ன பண்றீங்க?"

என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நான் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த பேனா மேஜைக்கடியில் போய் விழுந்தது. வாசலில் நல்ல சட்டை போட்ட, சிரித்த முகமுள்ள ஒருவர் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"பூனை மாதிரி வந்து நிக்கறீங்களே சார், ஒரு இருமலாவது இருமக் கூடாதா?" என்றேன்.

"மன்னிக்கணும். நான்தான் அக்காவோட தம்பி. இங்க எல்லாரும் சின்னவர்னு கூப்பிடுவாங்க. விற்பனையெல்லாம் நான்தான் பாத்துக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கம்ப்யூட்டர் அண்ணன் நல்ல மனுஷன்தான். ஏதோ கஷ்டத்துல சறுக்கிட்டார் போல. போலீசெல்லாம் வேணாம், சும்மா வேலையை விட்டு அனுப்பிடலாம்னு சொன்னேன். அக்கா கேக்கல."

கம்ப்யூட்டர் அண்ணன் காதில் விழும்படிதான் அதைச் சொன்னார். அண்ணனின் தலை குனிந்தது.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க, நாங்க அப்புறம் வர்றோம்" என்றார் ரேடியோ, கண்ணைத் திறக்காமலே.

சின்னவர் போனார். ரேடியோ என்னிடம், "கூடவே கீழ போய், மேஜையில யார் யார் இல்லைன்னு பாத்துட்டு வா" என்றார்.

போய்ப் பார்த்தேன். நீளமான மேஜை. மாவுக்கட்டு போடுகிறவர்கள், தோல் தைக்கிறவர்கள், வரைகிற பெண்கள் எல்லோரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. அக்கா மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். வலப்பக்கத்து நாற்காலியில் சின்னவர் உட்கார்ந்து அக்காவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். ஒரு நாற்காலிகூட காலியாக இல்லை. திரும்பும் வழியில் மற்ற அறைகளையும் எட்டிப் பார்த்தேன். எல்லாக் கம்ப்யூட்டரும் அணைந்து கிடந்தன. அக்காவின் அறை மட்டும் பூட்டியிருந்தது.

"எல்லாரும் பந்தியில இருக்காங்க சார். நம்மளைத் தவிர இந்த ஊர்ல பட்டினி கிடக்கறது யாருமே இல்ல."

"இருக்கு" என்றார் ரேடியோ. டிரைவைக் காட்டினார். "இது பட்டினி கிடக்குது."

நானும் கம்ப்யூட்டர் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நோய் வந்த மிஷின் கரகரன்னும், தேயும், சூடாகும். இது அப்படி இல்ல. நல்லா ஓடுது, திடீர்னு நிக்குது. ஏன் நிக்குது?"

"டேட்டா வந்து சேரல" என்றார் அண்ணன், மெதுவாக. "ஓடற டேப் சட்டுனு நிக்காது, கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிக்கும். அதனால பின்னாடி வந்து, மறுபடி வேகம் பிடிச்சு, விட்ட இடத்துலேர்ந்து எழுதணும்."

"அதேதான். டிரைவ் வேகமா சாப்பிடற ஆளு. பரிமாறறவர்தான் லேட். ஒரே ஆள் ரெண்டு பந்திக்குப் பரிமாறினா என்ன ஆகும்? இந்த இலையில ஒரு கரண்டி, அந்த இலையில ஒரு கரண்டி. ரெண்டு பேருக்கும் வயிறு நிறையாது. நீங்க மூணு மாசமா சாப்பிடறவருக்கு வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கீங்க."

"அப்ப இன்னொரு பந்தி எங்க சார்?" என்றேன்.

"அதுதான் கேள்வி. இரும்புக்கு லீவு நாள் தெரியாது. மனுஷனுக்குத்தான் தெரியும். லீவு நாள்ல ஓடறது, வேலை நாள்ல நொண்டறதுன்னா, வேலை நாள்ல ஓடற ஏதோ ஒரு கம்ப்யூட்டர் இதே நேரத்துல இந்த வரைபடங்களை எடுத்துக்கிட்டிருக்கு. மத்த நேரத்துல எடுத்தா பெரிய கம்ப்யூட்டரோட விளக்கு ஏன் இப்படி மினுக்குதுன்னு நீங்க கேட்டிருப்பீங்க. பேக்கப் ஓடற நேரத்துல மினுக்கறது சகஜம். அதனால திருடன் இந்த நேரத்தைப் பிடிச்சான். கெட்டிக்காரன்தான். டேப் பட்டினி கிடக்கும்னு அவனுக்குத் தோணல."

கம்ப்யூட்டர் அண்ணனின் முகம் வெளிறியது. "நான் சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு ரூமா போய்ப் பாத்திருக்கேன் சார். எல்லாம் அணைஞ்சுதான் கிடக்கும்."

"எல்லா ரூமுமா?"

அண்ணன் டிரைவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாயாடி, போய் அக்காவைக் கூட்டிட்டு வா."

*

அக்கா கையில் புகார்த் தாளோடுதான் வந்தார். அடியில் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

பெரிய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஒயர் போனது. ஒவ்வொன்றின் கழுத்திலும் அண்ணன் பொறுமையாக ஒட்டிய சின்னச் சீட்டு. அறையின் பெயர் அதில் எழுதியிருந்தது.

"ஒவ்வொண்ணா பிடுங்கு" என்றார் ரேடியோ. "எல்லாரும் டேப்பை மட்டும் கேளுங்க."

பிடுங்குவதும் பிய்ப்பதும் எனக்குக் கைவந்த கலை. 'வரையும் அறை' என்ற ஒயரைப் பிடுங்கினேன். 'ம்ம்... டக்... சர்ர்.' மாற்றமில்லை. 'விற்பனை' ஒயரைப் பிடுங்கினேன். அப்போதும் மாற்றமில்லை. 'அச்சு அறை', 'தோல் அறை', 'வரவேற்பு' என்று வரிசையாகப் பிடுங்கிப் போட்டேன். டேப் தன் பாட்டுக்கு நொண்டியது.

அக்கா பேனாவின் மூடியைத் திறந்தார். "போதுமா? எல்லாத்தையும் பிடுங்கியாச்சு. இன்னும் டேப் ஸ்லோவாத்தான் இருக்கு. அப்ப திருட்டு இந்த ரூமுக்குள்ளதான் நடக்குது. நான் சொன்னதுதான் சரி."

சார் இப்படி மண்ணைக் கவ்வி நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் அண்ணன் மறுபடி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு பாக்கி இருக்கே" என்றார் ரேடியோ.

பெட்டியின் ஓரத்தில் ஒரு நீல ஒயர் இருந்தது.

"அது வேணாம் சார்" என்றார் அண்ணன் அவசரமாக. "அது அக்காவோட ரூம். அதை நான் தொட்டதே இல்ல."

"ஏன்?"

"அக்கா ரூமைப் போய் நான் எப்படி சார் சந்தேகப்படறது?"

ரேடியோ என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிடுங்கினேன்.

டேப் ஒரு தடவை நின்றது. பின்னால் வந்தது. பிறகு ஓட ஆரம்பித்தது. 'ம்ம்ம்ம்ம்ம்...' நிற்கவே இல்லை. வெகுநாள் பட்டினிக்குப் பிறகு ஒரு பிள்ளை தலை நிமிராமல் சாப்பிடுகிற மாதிரி, அது பாட்டுக்கு ஓடியது. கம்ப்யூட்டர் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"என் ரூமா?" அக்காவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. "நானே என்னைத் திருடிக்கிட்டேனா?"

*

அதே மாடியில் இருந்த தன் அறையை அக்கா திறந்தார். திரை இருட்டாக இருந்தது. ஆனால் மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி கதகதப்பாக உறுமிக்கொண்டிருந்தது.

"உங்க சட்டம் உங்களுக்குக் கிடையாதா மேடம்?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் ஸ்க்ரீனை மட்டும்தான் அணைப்பேன். லீவுக்குப் போறப்பதான் முழுசா அணைக்கறது" என்றார் அக்கா.

ரேடியோ தரையில் படுத்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். சோப்புக்கட்டி அளவில் ஒரு சின்ன டிஸ்க் அங்கே ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டு, ஒரு குட்டி ஒயரோடு தொங்கியது. அதன் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "மணி அடிச்சதும் தானா நகல் எடுக்க ஆரம்பிக்கற மாதிரி வெச்சிருக்காங்க. திருடறவன் பக்கத்துல இருக்கவே வேணாம். சாவகாசமா மேஜையில உக்காந்து சாப்பிடலாம். அப்புறம் யாரும் இல்லாதப்ப வந்து டிஸ்க்கை மாத்திக்கலாம். இந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. இன்னொண்ணு..."

அக்கா நிறுத்திக்கொண்டார். முழுப் பதிலும் அவர் முகத்தில் வந்துவிட்டது, வாயில் மட்டும் வரவில்லை.

"இருக்காது" என்றார். "அவனா இருக்காது. சாவியை யாராவது திருடி நகல் எடுத்திருக்கலாம். அவன் என்னைவிட அதிகமா இந்த முட்டிக்காகக் காத்துக்கிட்டிருக்கான். பழியை யார் மேல வேணா போடுங்க, என் தம்பி மேல போடாதீங்க."

"மேடம், திரும்பாம பதில் சொல்லுங்க" என்றார் ரேடியோ. "உங்க பின்னாடி இப்ப யார் நிக்கறாங்க?"

"கம்ப்யூட்டர் அண்ணன்."

"அவருக்குப் பின்னாடி?"

"யாரும் இல்ல."

"உங்க தம்பி எங்க?"

"கீழ சாப்பிட்டுக்கிட்டிருக்கான். வந்தா எனக்குத் தெரியாதா?"

வாசலில் சின்னவர் நின்றிருந்தார். நாங்கள் கம்ப்யூட்டர் அறையிலிருந்து வரும்போதே எங்கள் பின்னால் படியேறி வந்து சேர்ந்துவிட்டார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"கொஞ்ச நேரமாவே இங்கதான் நிக்கறார்" என்றார் ரேடியோ. "ரெண்டு மாடி ஏறி வந்திருக்கார். ஒரு 'டக்' கேட்டுச்சா உங்களுக்கு?"

அக்கா திரும்பினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டர் அறையில் என் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி வந்து நின்ற மனிதருக்கு, அக்கா சொன்ன கணக்குப்படி, அடிக்கு ஒரு டக் விழுந்திருக்க வேண்டும். சார் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தது டேப்புக்காக மட்டும் இல்லை.

அக்கா தம்பியிடம் போனார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அவர் முன்னால் தரையில் மண்டியிட்டு, வலது காலின் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினார். சின்னவர் தடுக்கவில்லை.

உள்ளே விளம்பரத் தாளில் பார்த்த அந்தப் பளபளப்பு இருந்தது.

அக்கா விரலால் அதைத் தடவினார். பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டையில் விரல் நின்றது. "இது நான் தப்பாப் போட்ட ஓட்டை. தேவையே இல்லாத ஓட்டை. அப்புறம் வரைபடத்துலேர்ந்து அதை எடுத்துட்டேன். என் தப்பைக்கூட விடாம கொண்டுபோய்க் கொடுத்திருக்கியேடா."

"ஆமாக்கா."

"ஏன்டா?"

"நாலு வருஷமா அது கண்ணாடி அலமாரியில இருக்கு. நான் தினமும் அதைத் தாண்டி நொண்டிக்கிட்டுப் போறேன். கேட்டா 'இன்னும் சரியாகல, இன்னும் சரியாகல'ன்னுதான் சொல்வே. அவங்க ஒரே மாசத்துல செஞ்சு மாட்டிவிட்டாங்க."

"உனக்காகத்தானே வெச்சிருந்தேன்! கண்காட்சி மேடையில..."

"மேடையில. எல்லார் முன்னாடியும் நான் பேன்ட்டைச் சுருட்டிக்கிட்டு நிக்கணும். நீ விளக்கம் சொல்லுவே." அவர் குரல் நடுங்கியது. "பதினாறு வருஷமா உன் ஒவ்வொரு முட்டியையும் போட்டுக்கிட்டு நான்தான் விழுந்தேன். நான் விழுந்தா நீ முதல்ல முட்டியைத்தான் பாப்பே. எந்தக் கோணத்துல மடங்குச்சுன்னு பாத்துட்டு அப்புறம்தான் என்னைத் தூக்குவே. நான் உனக்குத் தம்பியா, சோதனை எலியா?"

அக்கா மண்டியிட்டபடியே இருந்தார். எனக்கு யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. இரண்டு பேருமே ஒருவர் கையால் ஒருவர் மோசம் போனவர்களாகத் தெரிந்தார்கள்.

ரேடியோவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. "கால் வேணும்னு நீங்க எடுத்ததை உங்க அக்காகிட்ட பேசிக்குங்க. இதோ இந்த மனுஷன் உங்களை என்ன பண்ணார்? அவரைப் பாத்து 'சறுக்கிட்டார்'னு சொன்னீங்களே."

சின்னவர் கம்ப்யூட்டர் அண்ணனைப் பார்த்தார்.

"நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நைட்டு முழுக்க உக்காந்திருந்தவன் நான்" என்றார் கம்ப்யூட்டர் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை.

அக்கா எழுந்தார். கையிலிருந்த புகார்த் தாளை நாலாகக் கிழித்தார். "அண்ணே, உங்களை நான்..."

"பையைத் திறன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாம்க்கா" என்றார் அவர். "டேப் முடிஞ்சிருக்கும். எடுத்து உள்ள வெச்சுட்டுக் கிளம்பறேன்."

அவர் நகர்ந்ததும் சின்னவர் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். "இந்த முட்டியைப் போட்டு மூணு வாரம் ஆகுது. தினமும் உன் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டேன். என் சத்தம் நின்னுபோனது உனக்குத் தெரியுதான்னு பாத்தேன். தெரிஞ்சு கேட்டிருந்தா எல்லாத்தையும் அன்னைக்கே சொல்லியிருப்பேன்க்கா."

சின்னவர் தன்னிடமிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

அக்கா அசையாமல் நின்று படிப்பக்கம் காதைக் கொடுத்தார். நாங்களும் கேட்டோம். மேல் மாடிப் படி, திருப்பம், அடுத்த படிகள் என்று மனசுக்குள் நானே இறங்கிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. வெகு நேரம் கழித்து, கீழே வாசல் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கயும் தடுக்காம இறங்கிட்டான்" என்றார் அக்கா. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. "நல்லாத்தான் வேலை செய்யுது, இல்ல?"

என் பெயர் வாயாடி. தலையை மட்டும் ஆட்டினேன்.